ஃப்ளாஷும் ஒரு மலைக்கதையும்

ஃப்ளாஷ் பிழைக்குமா பிழைக்காதா என்று 2010ஆம் ஆண்டு நண்பர்களோடு பந்தயம் கட்டியவன் நான். பிழைக்கும் என்பது என் கட்சி. இணையத்தில் அசைகிற படமெல்லாம் அதில்தான் அசைந்துகொண்டிருந்தது. யூட்யூப் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கணினி நிறுவனத்தின் தலைவர் கடிதம் எழுதியதால் அது போய்விடுமா என்ன என்று வாதாடினேன். அடுத்த ஆண்டு நவம்பரில், கைப்பேசிகளுக்கான ஃப்ளாஷை இனி வளர்க்கப்போவதில்லை என்று அடோபி நிறுவனமே அறிவித்தது. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் மூன்று பேருக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

அப்போது அது எனக்கு ஒரு பந்தயம் மட்டுமே. உண்மையில் எதைத் தோற்றேன் என்று தெரிந்தது பத்து ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில். பழைய குறுந்தகடுகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது 'மலைக்கதை' என்று மார்க்கர் பேனாவால் எழுதிய தகடு ஒன்று அகப்பட்டது. கணினியில் போட்டேன். கோப்பு பழுதில்லாமல் இருந்தது. அளவு, தேதி, பெயர் எல்லாம் சரி. உலாவியில் திறந்தால் பக்கம் வந்தது. படம் ஓட வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குள் ஒரு கிழவியின் குரல் இருந்தது. அவர் இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2006இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர் (தனி மாவட்டமானது 2019 நவம்பரில்). நண்பர் ஒருவர் அங்கே டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், நெல் மூட்டைக்கு லேபிள். இரவு ஒன்பது மணிக்கு மேல் கடையில் வேலை இருக்காது, இலக்கியம் பேசிக்கொண்டிருப்போம். அந்தக் கணினியில் யாரோ போட்டுவிட்டுப் போன மேக்ரோமீடியா ஃப்ளாஷ் இருந்தது. நண்பருக்கு ஓவியக் கை. அவர் நிரல் எதுவும் படித்தவரல்லர், பத்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு வாரத்தில் ஒரு மாட்டு வண்டியைத் திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஓட்டிக் காட்டினார். முதல் கட்டத்தில் வண்டியை வரைந்து, அறுபதாவது கட்டத்தில் அதை நகர்த்தி வைத்தால் இடையிலுள்ள அசைவை மென்பொருளே நிரப்பிக்கொண்டது. நாங்கள் மூவரும் அன்று சிறுபிள்ளைகள்போல் சிரித்தது நினைவிருக்கிறது.

அதன்பிறகுதான் கல்வராயன் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற பேருந்து. வெள்ளிமலையிலிருந்து நடைதூரத்தில் ஒரு சிற்றூர். அங்கே, வாசலில் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் புறப்பட்டு மலைமலையாக ஏறிக் குடியமர்ந்த கதையைச் சொன்னார். மலையாளிப் பழங்குடியினரிடையே பரவலாக வழங்கும் கதைதான். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் அதன் ஒரு வடிவம் உண்டு. ஆனால் பாட்டி சொன்னது ஒரு மானுடவியல் தகவலாக இல்லை. இன்னின்ன இடத்தில் தங்கினார்கள், இன்னாருக்குக் கால் வலித்தது, இன்ன பாறையில் சோறு பொங்கினார்கள் என்று, போன வாரம் நடந்ததைப்போலச் சொன்னார். நடுநடுவே "கேக்கிறியா தம்பி?" என்று ஒரு அதட்டல். ஜாகீர்தார்களின் பிடியில் 1976 வரை இருந்த மலை அது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பேசும்போது குரல் தாழ்வதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பாட்டிக்குக் குரல் தாழவே இல்லை. ஒரு மணி நேர ஒலிநாடாவின் இரண்டு பக்கமும் நிறைந்தது.

அதிலிருந்து ஆறு நிமிடங்களை எடுத்துக்கொண்டோம். ஃப்ளாஷில் படம் வரைந்து, குரலைச் சேர்த்து, கீழே எழுத்தும் ஓடவிட்டோம். ஒலியை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, மொத்தம் 1.3 மெகாபைட்டில் முடித்தோம். ஒரு ஃப்ளாப்பியில் அடங்க வேண்டும் என்பது எங்கள் குறிக்கோள். அடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாகத் தத்தித் தத்தி வந்த இணையத்தில்கூட அது ஓடியது. இன்று ஒரு காலை வணக்கப் படத்தின் அளவுகூட இல்லாத ஒரு கோப்பில் ஆறு நிமிடக் கதை, படத்தோடும் ஒலியோடும் இருந்தது என்பதை இப்போதுள்ள இளைஞர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஃப்ளாஷைப் பற்றி எழுதுகிறவர்கள் விளையாட்டுகளையும் விளம்பரங்களையுமே எழுதுகிறார்கள். தமிழுக்கு அது வேறொன்றாகவும் இருந்தது. அதைத் தனியே சொல்லியாக வேண்டும். அன்றைய தமிழ் இணையம் எழுத்துருக்களின் போர்க்களம். தினமலருக்கு ஓர் எழுத்துரு, விகடனுக்கு ஓர் எழுத்துரு, குமுதத்துக்கு வேறொன்று. மடற்குழுக்களில் திஸ்கி. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து பிறந்த தாம், தாப் குறிமுறைகள் ஒருபக்கம். அச்சுக்கடைகளில் பாமினி. எழுத்துருவை இறக்கி நிறுவாதவருக்குத் தமிழ்ப் பக்கம் எல்லாம் கட்டம் கட்டமாகவோ வெளிநாட்டு எழுத்துக் குப்பையாகவோ தெரியும். பிரவுசிங் சென்டரில் எழுத்துரு நிறுவ உரிமையாளர் விடமாட்டார். வைரஸ் வந்துவிடும் என்பார்.

ஃப்ளாஷ் அந்தத் தொல்லையை ஒரே அடியில் தீர்த்தது. அது எழுத்தின் உருவத்தையே, அதன் வளைவு நெளிவுகளைக் கோடுகளாக்கி, கோப்புக்குள் பதித்துவைத்துக்கொள்ளும். பார்க்கிறவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. நாங்கள் பாமினியில் தட்டிய வரிகள் துபாயிலும் திறந்தன, டொராண்டோவிலும் திறந்தன. ஒரு பிழையும் இல்லை. யூனிகோடு அப்போது வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அதை ஃப்ளாஷில் பதித்தால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றுகொள்ளும். சிக்கலான எழுத்து முறைகளை ஒழுங்காகக் காட்டும் ஏற்பாடு ஃப்ளாஷுக்கு 2008இல் பத்தாம் பதிப்பில்தான் வந்தது. ஆகவே பழைய குறிமுறைகளே எங்களைப் போன்றோருக்குத் துணை. தமிழ்நாட்டில் அக்காலத்தில் செய்த பள்ளிப் பாடக் குறுந்தகடுகள், குழந்தைப் பாடல்கள், வாழ்த்து அட்டைகள், இதழ்களின் முகப்புப் படங்கள் எனப் பலவும் இந்த வழியில்தான் தமிழ் பேசின.

இந்த அடைக்கலமே பின்னால் பொறியானது என்பதையும் மறைக்கக்கூடாது. எழுத்து தெரிந்தது, ஆனால் அது எழுத்தாக இல்லை. தேடுபொறியின் கண்ணுக்கு அது படாது. நகலெடுக்க முடியாது. மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது; பிற்பாடு அதன் நூல்கள் திஸ்கியில் இருந்தன; யூனிகோடு வந்ததும் அதற்கு மாற்றிக்கொண்டார்கள். ஓர் உரைக் கோப்பு இன்னோர் உரைக் கோப்பானது. ஒரு சொல்லும் சிந்தவில்லை. எங்களைப்போல் ஃப்ளாஷில் மயங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு எளிதாக இல்லை. அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அவர்கள் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை. இருபது ஆண்டுக்குப் பின் யாருடைய வேலை நிற்கிறது என்று பார்த்தால் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இனி அந்த எதிர்ப்புக்கு வருகிறேன். ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரல் 29 அன்று வெளியிட்ட கடிதத்தை அண்மையில் மறுபடி படித்தேன். ஃப்ளாஷ் ஒரே நிறுவனத்தின் சொத்து, பாதுகாப்பில் ஓட்டை, மின்கலத்தைத் தின்கிறது, விரலால் தொடும் திரைக்காகப் படைக்கப்பட்டதல்ல, ஆப்பிளுக்கும் நிரலருக்கும் நடுவே மூன்றாமவர் நுழையக்கூடாது — இவையே சாரம். பந்தயத்தில் எதிர்க்கட்சியாக இருந்த நானே இன்று ஒப்புக்கொள்கிறேன்: பாதுகாப்பு பற்றிச் சொன்னது முழு உண்மை. 2015 ஜூலையில் ஓர் இத்தாலிய உளவு மென்பொருள் நிறுவனத்தின் கோப்புகள் கசிந்தபோது, ஃப்ளாஷின் அறியப்படாத ஓட்டைகளை அவர்கள் ஆயுதமாக வைத்திருந்தது வெளிவந்தது. அதே மாதத்தில் ஃபேஸ்புக்கின் பாதுகாப்புத் தலைவர், ஃப்ளாஷின் சாவுக்கு ஒரு தேதி குறியுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். மின்கலத்தைப் பற்றிய குற்றச்சாட்டும் பொய்யல்ல.

ஆனால் திறந்த தரம், திறந்த இணையம் என்று ஜாப்ஸ் உபதேசித்ததைத்தான் என்னால் சிரிக்காமல் படிக்க முடியவில்லை. தன் கடை வாசலில் காவலாளியை நிறுத்தி, ஒவ்வொரு செயலிக்கும் அனுமதிச் சீட்டு கொடுப்பவர் அடுத்தவர் வீட்டுக் கதவு பூட்டியிருப்பதைக் குறைசொல்கிறார். ஃப்ளாஷ் நுழைந்தால் ஆயிரம் விளையாட்டுகள் கடைக்கு வெளியே இலவசமாக ஓடும். மற்றதெல்லாம் உண்மையான காரணங்கள். இது மட்டும் சொல்லாத காரணம் என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடோபிக்கும் ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும்: கோப்பின் உள்ளமைப்பு பற்றிய குறிப்புகளை 2008இலேயே கட்டுப்பாடுகளை நீக்கி வெளியிட்டார்கள். ஆனால் 2017 ஜூலையில் முடிவு தேதி அறிவித்ததும், ஃபின்லாந்து நிரலர் ஒருவர் மூல நிரலைப் பொதுவில் வையுங்கள் என்று மனுப் போட்டார். அது நடக்கவில்லை.

2020 டிசம்பர் 31 அன்று ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல், ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த ஃப்ளாஷும் படங்களை ஓட்ட மறுத்தது. அந்த மறுப்பு முன்கூட்டியே அதற்குள் எழுதப்பட்டிருந்தது. என்னை உறுத்துவது இந்தத் தேதிதான். வாங்கிய பூட்டு ஒருநாள் தானாகத் திறக்க மறுப்பதைப்போல. தென்னாப்பிரிக்காவின் வருமான வரித்துறை தன் படிவங்கள் ஃப்ளாஷில் இருந்ததால் அந்த மாதமே தனக்கென்று ஓர் உலாவியைச் செய்து குடிமக்களுக்குக் கொடுத்தது. அரசாங்கத்துக்கு அது முடியும். டி.டி.பி. கடைக்காரர் என்ன செய்வார்?

தொழில்துறை ஒரு தொழில்நுட்பத்தைக் கொல்வது சில நேரம் அவசியம். நான் அதை எதிர்க்கவில்லை. வீடு இடியும் நிலையில் இருந்தால் இடிக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்ள வண்டி யார் அனுப்புவது? மூன்றரை ஆண்டு அவகாசம் கொடுத்தோமே என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் அந்த அவகாசத்தில் மாற்றிக்கொண்டன. யூட்யூப் 2015 ஜனவரியிலேயே மாறிவிட்டது. அறிவிப்பு போய்ச் சேராத இடங்கள் உண்டு. அலமாரியில் கிடக்கும் குறுந்தகடு செய்தித்தாள் படிக்காது.

வண்டி அனுப்பியவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். ரஃபிள் என்றொரு மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். அது பழைய ஃப்ளாஷ் கோப்பை இன்றைய உலாவியிலேயே, அடோபியின் எதுவும் இல்லாமல் ஓட்டுகிறது. இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பரிலிருந்து அதைக்கொண்டு ஃப்ளாஷ் படைப்புகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற இன்னொரு குழு 2018இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளையும் அசைபடங்களையும் சேகரித்துவிட்டது. ஆக, என் பந்தயத்துக்குப் பாதி விடை இப்போது வேறாகிறது. ஃப்ளாஷ் ஒரு வணிகப் பொருளாகச் செத்தது. ஒரு கோப்பு வடிவமாக, நினைவு வைத்திருப்போர் உள்ள இடங்களில், பிழைத்திருக்கிறது.

நினைவு வைத்திருப்போர் உள்ள இடங்களில் என்று சொன்னேன். அந்தச் சேகரங்கள் எப்படி வளர்ந்தன? சிறுவயதில் விளையாடியதை ஒருவர் நினைத்துப் பார்த்துத் தேடி எடுத்துக் கொடுப்பதால். விழுப்புரத்தில் யாரோ செய்த திருக்குறள் அசைபடத்தையோ, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்காக லண்டனில் யாரோ செய்த அரிச்சுவடியையோ யார் நினைத்துப் பார்த்து எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள்? நம் பல்கலைக்கழகங்களில் கணித்தமிழ் பற்றிக் கருத்தரங்கு நடக்கிறது. பழைய குறுந்தகடுகளைக் கொண்டுவாருங்கள் என்ற ஓர் அறிவிப்பை அவற்றில் எதிலும் நான் கேட்டதில்லை. ஓலைச்சுவடிக்குக் காட்டிய அக்கறையில் நூறில் ஒரு பங்கு போதும். பேணிவைத்த சுவடி நூற்றாண்டுக்கு மேலும் தாங்கும். வீட்டில் எழுதிய குறுந்தகட்டின் சாயப்பூச்சு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மங்கத் தொடங்குகிறது. சாமான் எடுக்கும் வேலை அதனால்தான் இந்தப் பத்தாண்டுக்குள் முடிய வேண்டியது.

செய்முறை கடினமல்ல என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 2022இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரஃபிளில் 'மலைக்கதை'யைப் போட்டேன். ஓடியது. மாட்டு வண்டி நகர்ந்தது, பாறைமேல் சோறு பொங்கியது, "கேக்கிறியா தம்பி?" என்று பாட்டி அதட்டினார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை நான். பிறகு, ஃப்ளாஷ் கோப்பைப் பிரித்தெடுக்கும் ஓர் இலவச மென்பொருளில் அதைத் திறந்தேன். ஒலி தனியாக எம்.பி.3 கோப்பாகக் கழன்று வந்தது. கீழே ஓடிய வரிகள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தன. பாமினியென்று எனக்குத் தெரியுமாதலால் மாற்றியில் போட்டு ஒரு நிமிடத்தில் தமிழாக்கிவிட்டேன். எந்த எழுத்துரு என்று தெரிந்த ஆள் உயிரோடு இருப்பது முக்கியம். தலைப்பு மட்டும் மீளவில்லை: நண்பர் அதை அழகுக்காக உடைத்து ஓவியமாக்கியிருந்தார், ஆகவே அது ஓவியமாகவே நிற்கிறது. நம்மவர் செய்தவற்றில் பாடக் குறுந்தகடுகளுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. ஓட்டியையும் சேர்த்துத் தனிச் செயலியாகச் சிலர் வெளியிட்டிருப்பார்கள்; அவை இன்றும் விண்டோஸில் பெரும்பாலும் திறக்கின்றன. தகடு போடும் துளையுள்ள கணினியைத் தேடுவதுதான் பாடு.

மீட்க முடியாதது ஒன்று உண்டு; அதை யாரும் பேசுவதில்லை. ஃப்ளாஷின் இடத்துக்கு வந்த எச்.டி.எம்.எல்.5 பார்ப்பவருக்குக் குறை வைக்கவில்லை. செய்பவரைத்தான் மாற்றிவிட்டது. பத்தாவது படித்த ஓவியர் ஒருவர், ஆங்கிலம் தெரியாமல், நிரல் தெரியாமல், இரவில் கடை மூடிய பிறகு உட்கார்ந்து ஒரு மலையைத் திரையில் அசைக்க முடிந்த காலம் அது. வரைபலகையும் காலக்கோடும் ஒலியும் எழுத்தும் ஒரே மேசையில் இருந்தன. முடிந்ததும் ஒரே சிறு கோப்பு. இன்று அவர் கைப்பேசியில் காணொளி எடுக்கலாம், எடுக்கிறார். வரைவதில்லை. கேட்டால், "அதெல்லாம் அந்தச் சாமானோட போச்சுங்க" என்கிறார்.

2023இல் பொங்கல் கழிந்த வாரம் அந்த எம்.பி.3ஐக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். சாலை இப்போது பரவாயில்லை. பாட்டியின் பேத்தி வெள்ளிமலையில் இருந்தாள். கள்ளக்குறிச்சியில் கல்லூரிப் படிப்பு முடித்தவள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமென்றால் அந்த வாசலில் சிக்னல் நிற்கவில்லை. புளூடூத்தில் ஏற்றிக்கொண்டாள். மற்றவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஆறு நிமிடமும் கேட்டார்கள். ஒரு பெரியம்மா மட்டும் நடுவில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

முடிந்ததும் அந்தப் பெண் இன்னொரு முறை கடைசிப் பகுதியை ஓட்டிப் பார்த்தாள். "இது பாதியில நிக்குது சார். ஆயா இதுக்கு அப்புறம்தான் நம்ம ஊரு எப்படி வந்துதுன்னு சொல்லும். மீதி எங்க?"

மீதி, ஒலிநாடாவில் இருந்தது. ஃப்ளாப்பியில் அடங்க வேண்டுமென்று நாங்கள் வெட்டிய ஐம்பத்து நான்கு நிமிடம். அந்த நாடாவின்மேல் 2007இல் நானே ஒரு பட்டிமன்றத்தைப் பதிவு செய்துவிட்டேன். அதை அவளிடம் சொன்னேன்.